எந்த ஆண்டு விலையில், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவுக்கு நீலக் கோடு, சோவியத் யூனியனுக்குச் சிவப்புக் கோடு. 1928-இலிருந்து இரண்டும் போட்டி போட்டு ஏறுகின்றன. கீழே உன் கேள்வி: “எஃகில் அமெரிக்காவையே முந்திய நாடு எப்படி ஐயா நொடித்துப்போனது?” கேள்வியில் குறையில்லை. அந்தப் படம்தான் உன் பழைய வாத்தியாரை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. ‘தொழில் உற்பத்தி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எந்த ஆண்டு விலையில், எந்த நாட்டு விலையில் என்று ஒரு வார்த்தை இல்லை.

எஃகு மட்டும் என்றால் சிக்கல் குறைவு. 1970-களில் சோவியத் எஃகு அமெரிக்க எஃகை முந்தியது; 1988-இல் 16 கோடி டன்னைத் தாண்டியபோது அமெரிக்கா 9 கோடியை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் எடையைப் பார்த்து மெச்சினால் என்ன ஆகும் என்பதற்குக் சோவியத் தலைவர் குருஷ்சேவே சாட்சி. 1959-இல் அவர் சரவிளக்குத் தொழிற்சாலைகளைக் கடிந்துகொண்டார்: உற்பத்தியை டன்னில் கணக்கிடுவதால், அழகைப் பாராமல் கனமான விளக்குகளாகச் செய்து தள்ளுகிறார்கள் என்று. இலக்கு நிறைவேறியது. கூரை தாங்குமா என்பது வாங்கியவர் பாடு.

டிராக்டரையும் துணியையும் சேர்த்து ‘மொத்த உற்பத்தி’ என்னும்போதுதான் வம்பு தொடங்குகிறது. மீட்டரையும் டன்னையும் கூட்ட முடியாது. விலை போட்டுத்தான் கூட்ட வேண்டும். தாளை எடு. ஒரு நாடு முதல் ஆண்டில் 100 கட்டுத் துணியும் 1 டிராக்டரும் செய்கிறது. துணிக்கட்டு 1 ரூபிள், டிராக்டர் அரிய பொருள், 50 ரூபிள். மொத்தம் 150. பத்தாண்டு கழித்து 110 கட்டு, 20 டிராக்டர். பழைய விலையில் கூட்டினால் 1,110. ஏழு மடங்குக்கு மேல்! ஆனால் டிராக்டர் பெருகியதால் அதன் விலை 5 ரூபிளாக இறங்கிவிட்டது என்று வை. இந்தப் புது விலையில் முதல் ஆண்டு 105, கடைசி ஆண்டு 210. வெறும் இரண்டு மடங்கு. அதே துணி, அதே டிராக்டர். யாரும் பொய் சொல்லவில்லை.

இது வாத்தியாரின் கற்பனை விளையாட்டு அல்ல. சோவியத் நாட்டில் 1928-இல் சுமார் 1,300 டிராக்டர்கள் செய்தார்கள். 1932-இல் ஏறத்தாழ 49,000. அந்த நாட்டு அதிகாரபூர்வக் கணக்கோ 1950 வரை 1926-27 விலையையே கட்டிக்கொண்டு அழுதது. ஒடெசாவில் பிறந்து, வியன்னா வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்த பொருளியலாளர் அலெக்சாண்டர் கெர்ஷென்க்ரோன் 1951-இல் இதைப் பிடித்தார். சோவியத் இயந்திரங்களுக்கு அமெரிக்க டாலர் விலை போட்டுப் பார்த்தார். வளர்ச்சி வெகுவாகச் சுருங்கியது. மாஸ்கோவின் பித்தலாட்டம் என்று எழுதிவிட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். ஆனால் அவர் அமெரிக்க இயந்திரத் தொழிலையும் அதே தராசில் நிறுத்தினார். 1899 முதல் 1939 வரை அதன் வளர்ச்சி 1899 விலையில் சுமார் 15 மடங்கு. 1939 விலையில் சுமார் 2 மடங்கு. மனிதர் நேர்மை அங்கே தெரிகிறது.

இரு நாடுகளை ஒப்பிடும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு நாடும் தன்னிடம் மலிவாகக் கிடைப்பதை மிகுதியாகச் செய்யும். மீனவக் குப்பத்து வீட்டில் தினம் கொதிக்கும் வஞ்சிரக் குழம்புக்கு நகரத்து ஓட்டல் விலை போட்டுப் பார். அந்த வீடு பணக்கார வீடாகிவிடும். 1955-இல் சோவியத் நாட்டின் மொத்த உற்பத்தி (தொழில் மட்டுமல்ல, எல்லாம் சேர்த்து) ரூபிள் விலையில் அமெரிக்காவின் 27 விழுக்காடு, டாலர் விலையில் 53 விழுக்காடு என்று மாரிஸ் போர்ன்ஸ்டைன் என்ற பொருளியலாளர் கணக்கிட்டார். ஒரே ஆண்டு, ஒரே ஆள், இரண்டு விடை. உன் படத்துக்காரர் எதை எடுத்தாராம்?

இந்தக் கணக்குகளைப் பார்க்கும்போது, சோவியத் தரப்பு அந்நாளில் தமிழில் வெளியிட்ட ‘சோவியத் நாடு’ இதழ் நினைவுக்கு வருகிறது. வழவழப்பான தாள், பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட அதைவிடச் சிறந்தது கிடையாது. அட்டை போடுமுன் உன் வாத்தியார் அதிலிருந்த புள்ளிவிவரங்களை எல்லாம் மனப்பாடம் செய்வார். 1961-இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி வெளியிட்ட திட்டம், பத்தாண்டுக்குள் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் அமெரிக்காவை மிஞ்சுவோம் என்றது. அதை நம்பி வகுப்பில் சண்டைகூட நடந்தது. எதிர்க்கட்சி கட்டியவனும் விலையைப் பற்றிக் கேட்கவில்லை, போ.

கடைசியில் ரஷ்யர்களே அதைக் கேட்டார்கள். 1987 பிப்ரவரியில் ‘நோவி மிர்’ இதழில் வசீலி செல்யூனின் என்ற பத்திரிகையாளரும் கிரிகோரி கானின் என்ற பொருளியலாளரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1928 முதல் 1985 வரை தேசிய வருமானம் 90 மடங்கு பெருகியதாக அரசு சொல்லிவந்தது. இந்த இருவரின் கணக்கில் ஆறேழு மடங்கு. இங்கே கெர்ஷென்க்ரோன் சொன்னதற்கும் மேலே ஒன்று நடந்திருந்தது: பழைய பொருளைச் சற்றே மாற்றி, ‘புதிய ரகம்’ என்று பெயர் சூட்டி, விலையை ஏற்றி, அந்த ஏற்றத்தையும் உற்பத்தியில் சேர்த்துவிடுவார்கள்.

ஆகவே, நொடித்தது ஏன் என்று கேட்குமுன் எந்த உயரத்திலிருந்து என்று கேள். படத்தை வரைந்தவருக்கு எழுதி, எந்த ஆண்டு விலை என்று விசாரி. பதில் வந்தால் எனக்கும் அனுப்பு. வராவிட்டால் அந்தப் படத்தை இன்னொருவருக்கு அனுப்பாதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்