பூட்டுக்குள் விடும் இடைவெளி: பட்டறைக்குப் புதிதாக வந்த இளைஞருக்கு ஒரு கடிதம்

குறையே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் கைத்தொழில் கற்பவரை இரண்டு விதமாக மறிக்கிறது. சிலரை வேலையைத் தொடங்கவே விடாது. சிலரைத் தொடங்கியதை முடிக்க விடாது. பூட்டுப் பட்டறையில் கவலைக்குரியது இரண்டாவது வகை. அரத்தைக் கீழே வைக்க மனம் வராத கை அதன் அடையாளம். அந்தக் கை எங்கே கெடுக்கிறது என்பது பூட்டு திறக்கும் விதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

லீவர் பூட்டின் உள்ளே தகட்டில் வெட்டிய லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் உண்டு. சாவியின் பற்கள் லீவர்களைத் தூக்கி எல்லாப் பள்ளங்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினால்தான் தாழில் உள்ள முளை அவற்றின் வழியே நழுவும். 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற பூட்டு இந்த வகைக்கு மூலம். அதற்கு முந்தைய பூட்டுகளில் தடுப்பைத் தேவையான உயரத்துக்குத் தூக்கினால் போதும்; அதற்கு மேல் எவ்வளவு தூக்கினாலும் திறந்துகொள்ளும். பாரனின் பூட்டில் லீவர் குறைவாக உயர்ந்தாலும் திறக்காது, கூடுதலாக உயர்ந்தாலும் திறக்காது. பூட்டு வரலாற்றில் இதைவிடச் சாமர்த்தியமான மாற்றம் குறைவு.

பள்ளத்தின் அகலமும் முளையின் பருமனும் ஒரே அளவாக இருந்தால் அந்தப் பூட்டு மேசைமேல் அழகாகத் திறக்கும். குடோன் கதவில் ஒரு மழைக்காலம் தொங்கிய பிறகு சிக்கிக்கொள்ளும். தூசி உள்ளே இறங்கும், முளையில் துரு ஏறும், சாவியின் பற்கள் தேயும். வெயிலில் உலோகம் விரிவதுதான் காரணம் என்று தோன்றலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 5 சென்டிமீட்டர் நீளமுள்ள பித்தளைத் தகடு 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 0.012 நீளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். துருவும் தூசியும் தேய்மானமும்தான் பூட்டின் எதிரிகள். அவற்றுக்காக முளைக்கும் பள்ளத்துக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் விட்டாக வேண்டும். ஆட்டம் மிகுந்தால் அடுத்த வீட்டுச் சாவிக்கும் பூட்டு திறக்கும். தொழில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

எந்திரத் தொழிலில் இங்கே இரண்டு சொற்கள் வழங்குகின்றன. வேண்டுமென்றே விடும் இடைவெளி கிளியரன்ஸ். அளவு எதுவரை தவறினால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற வரம்பு டாலரன்ஸ். வரைபடத்தில் துளையின் அளவை மட்டும் எழுதி டாலரன்ஸை எழுதாமல் விட்டால் அந்த வரைபடம் அரைகுறைதான். பொருளைச் சோதிக்கும் கருவிக்கும் இரண்டு முனைகள்: ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பொருள் தேறியது. நட்டநடு அளவில் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. பிழையை எவ்வளவு தாங்கலாம் என்பது வேலைக்கு முன்பே முடிவாகிறது என்பதுதான் இதில் புதியவர் கவனிக்க வேண்டியது. அப்படி முடிவு செய்யாமல் உட்கார்ந்தவருக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

அரத்தில் இது உடனே கைக்கு எட்டும். ராவிய இரும்பு திரும்பி வராது. பள்ளத்தின் விளிம்பில் பிசிறு போன பிறகும் இன்னும் ஓர் இழுப்பு, இன்னும் ஓர் இழுப்பு என்று போனால் லீவர் வீணாகும். மண் பிசைபவர் ஒட்டித் திருத்திக்கொள்ளலாம். அரம் பிடிப்பவருக்கு அந்த வசதி இல்லை. துண்டுக் கூலிக்கு வேலை செய்பவரானால் நஷ்டம் அன்று மாலையே கையில் தெரியும்.

இதைச் சாக்காக வைத்து ஏனோதானோ வேலைக்கு இடம் தர முடியாது. பூட்டின் முகத்தில் ஓர் அரக்கீறல் இருப்பதால் யார் வீட்டிலும் திருடன் நுழையமாட்டான். ரிவிட் தளர்ந்திருந்தால், ஒரு சாவி இன்னொரு பூட்டைத் திறந்தால், அது மன்னிக்க முடியாத குறை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யப்படும் இந்தப் பூட்டுகளின் பெயர், ஒன்றன் சாவி மற்றொன்றில் திரும்பாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மாங்காய் வடிவப் பூட்டின் வளைவு இரண்டு பக்கமும் ஒரே சீராக இல்லாவிட்டால் அந்தப் பெயர் குறையாது. எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்பைக் காட்டுபவர் பெரும்பாலும் முகத்தைத் தேய்த்துக் களைத்துப்போய், ரிவிட்டில் கோட்டை விடுகிறார்.

உடைக்கவே முடியாத பூட்டு என்ற கனவுக்கு 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஒரு சோதனை வந்தது. ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற லீவர் பூட்டை அரைமணிக்குள் திறந்தார். ஜோசப் பிரமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு பல பத்தாண்டுகள் கடைச் சன்னலில் இருந்தது. அதையும் ஹாப்ஸ், 16 நாட்களில் பரவிய சுமார் 51 மணி நேர உழைப்பில் திறந்தார். இரண்டு நிறுவனங்களும் கடையை மூடவில்லை. பூட்டுகளைத் திருத்தினார்கள், விற்றார்கள்.

இரும்பை வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்; ஆட்டுத்தோல் அப்படியன்று. திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வரும் தோலில் முள் கீறியது, உண்ணி கடித்தது, உரிக்கும்போது கத்தி பட்டது எல்லாம் இருக்கும். பதப்படுத்தினால் அவை மறையாது, சில சமயம் இன்னும் துலங்கும். வடுவில்லாத தோலுக்காகக் காத்திருக்கும் ஷாப்பு ஓடாது. அங்கே தெரிய வேண்டிய வித்தை தரம் பிரிப்பது: சுத்தமானது காலணியின் மேற்பாகத்துக்கு, வடு உள்ளது உள்துணிக்குப் பதிலாக வைக்கும் லைனிங்குக்கு.

இந்தப் பிடிவாதம் பலருக்குப் பட்டறைக்கு வெளியிலிருந்தே வருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சென்டம் என்ற சொல் வகித்த இடம் சிறியதன்று. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் பட்டியல் அறிவிக்கும் வழக்கம் 2017இல்தான் நின்றது. நூற்றுக்கு நூறு என்பது தேர்வுத்தாளில் உண்டு. அரம் பிடிக்கும் வேலையில் அப்படி ஓர் எண் இல்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களை வைத்து 1989 முதல் 2016 வரை இந்தப் பிடிவாதம் பற்றி வந்த ஆய்வுகளை உளவியல் ஆய்வாளர்கள் தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் தொகுத்துப் பார்த்தார்கள். தன்னிடம் பிறர் குறையற்ற நிலையை எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான் பிடிவாதத்தின் மற்ற வகைகளைவிட வேகமாக வளர்ந்திருந்தது. பட்டறையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: சரியாக வரும்வரை மேஸ்திரியிடம் காட்டாமல் ஒளித்து வைப்பது. பாதி ராவிய லீவரைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். முழுக்க ராவியதை யாரும் திருத்த முடியாது.

விற்ற பூட்டு திரும்பி வந்தால் அதை வசவாக எடுத்துக்கொள்ளாமல் ரிவிட்டைக் கழற்றிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். உள்ளே தூசியும் துருவும் மட்டும் இருந்தால் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். ஒரு லீவரின் பள்ளம் மட்டும் பளபளத்துத் தேய்ந்திருந்தால் அங்கே இறுக்கம் அதிகம். அடுத்த பூட்டில் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும். லீவர்கள் எல்லாம் நன்றாக இருந்தால் சாவியைப் பார்க்க வேண்டும், பற்கள் தேய்ந்திருக்கும்.