வண்ணப் பொடியில் மலர்ந்த முகங்கள்

ஓவியக் கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தையும் நீர் வண்ணத்தையுமே பேசுவர். தூரிகையும் எண்ணெயும் நீரும் வேண்டாத மற்றொரு முறையும் உண்டு. 'பேஸ்டல்' எனப்படும் வண்ணச் சுண்ணக்கோலால் தீட்டும் முறை அது. அம்முறையில் மனித முகத்தை வரைவோர் எய்தும் இன்பமும் அவர் படும் இடர்ப்பாடும் ஒரே காரணத்தினின்று பிறப்பன என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்தாகும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் நால்வரை அதற்குச் சான்றாகக் கொள்வோம்.

உருவப்படம் வரைதல் குறித்து மார்க்க அறிஞரிடையே பல்வேறு கருத்துகள் நிலவுதலை நாம் அறிவோம். அவ்வாய்விற்குள் இங்குப் புகவில்லை. ஒரு கைவினையின் நுட்பத்தை அறிந்துகொள்ளும் அளவிலேயே இக்கட்டுரை அமைகிறது.

கரும்பலகையில் எழுதிப் பழகிய ஆசிரியர் எவரும் பேஸ்டலின் இயல்பைப் பாதி அறிந்தவரே. நிறப்பொடியுடன் வெண்சுண்ணம் போன்றதொரு பொருளைச் சேர்த்து, மிகச் சிறிதளவு பிசின்நீர் விட்டுப் பிசைந்து, கோலாக உருட்டி உலர்த்தினால் பேஸ்டல் ஆகிறது. பிசின் மிகுந்தால் கோல் இறுகித் தாளைக் கீறும். குறைந்தால் கையிலேயே உதிரும். வரையும் தாள் சற்றுச் சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். அச்சொரசொரப்பின் பள்ளங்களில் பொடி சென்று தங்குகிறது. அதனைப் பிடித்து வைத்திருப்பது அவ்வளவே.

எண்ணெய் ஓவியத்தில் நிறத்துகள்கள் எண்ணெய்க்குள் சிறைப்பட்டிருக்கும். பேஸ்டலிலோ அவை திறந்த வெளியில் கிடக்கின்றன. ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டுச் சிதறி மீள்கிறது. திராட்சைக் கனியின் மேல் படிந்துள்ள மென்பூச்சினைப் போன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது. மனிதத் தோலின் மென்மைக்கு இதனினும் ஒத்த வண்ணம் வேறில்லை என்பது நம் துணிபு. எண்ணெய் இல்லாமையால் காலப்போக்கில் படம் மஞ்சள் பூப்பதும் இல்லை. உலரும்வரை காத்திருக்கவும் வேண்டா. எதிரே அமர்ந்திருப்பவர் முகம் சோர்வதற்குள் வரைந்து முடிக்கலாம். இடையில் நிறுத்தி மறுநாள் தொடரவும் செய்யலாம்.

வெனிஸ் நகரத்துப் பெண் ஓவியர் ரோசல்பா கரியேரா இச்சிறப்பினை ஐரோப்பா முழுதும் அறியச் செய்தார். மூக்குப்பொடிச் சிமிழ்களின் மூடியில் சிற்றோவியம் தீட்டித் தொழிலைத் தொடங்கியவர் இவர். 1720இல் பாரிஸ் சென்று, சிறுவராயிருந்த மன்னர் பதினைந்தாம் லூயியின் முகத்தைப் பேஸ்டலில் வரைந்தார். அவ்வாண்டே பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பெண்டிர்க்கு எளிதில் கிட்டாத பெருமை அது. இறுதி ஆண்டுகளில் கண்ணொளி இழந்து 1757இல் மறைந்தார்.

கண்ணொளி குன்றியதாலேயே பேஸ்டலை நாடியவரும் உண்டு. எளிய பாத்திரங்களையும் கனிகளையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து புகழ் பெற்ற ஷார்தேன், முதுமையில் பார்வை கெடவே சுண்ணக்கோலைக் கையிலெடுத்தார். மூக்குக் கண்ணாடியும் தலைத்துணியுமாகத் தம்மையே அவர் வரைந்த படம் 1771ஆம் ஆண்டிற்குரியது. அப்போது அவருக்கு வயது 70ஐக் கடந்திருந்தது. 1775இல் வரைந்த மற்றொரு தன்னுருவில், கன்னத்து நிறங்கள் குழைக்கப்படாமல் தனித்தனிக் கீற்றுகளாகவே விடப்பட்டுள்ளன. சற்றே விலகி நின்று நோக்கினால் கீற்றுகள் மறைந்து முதியவர் ஒருவரின் சருமம் தோன்றுகிறது.

இனி இடர்ப்பாடுகளைக் காண்போம். பேஸ்டலில் நிறங்களைத் தட்டில் குழைத்து வேண்டிய சாயலைப் பெறுதல் இயலாது. ஒரு முகத்தின் நிழல்களுக்கே பத்துப் பதினைந்து கோல்கள் தேவைப்படும். தேர்ந்தவர் பெட்டியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். விரலால் அளவோடு தேய்த்தால் நிறங்கள் இழையும். மிகுதியாகத் தேய்த்தால் சேறாகும். தாளின் பள்ளங்கள் நிரம்பிவிட்டாலோ அதற்குமேல் எவ்வண்ணமும் ஒட்டாது. கண்மணியில் வைக்கும் வெண்புள்ளி ஒன்று தவறினால் பார்வையே மாறிவிடுகிறது. அதனைத் திருத்தப் புகுந்தால் இமையும் கலைகிறது. முடிந்த படமும் நடுக்கம் பொறுக்காது. கண்ணாடிச் சட்டத்துள் அடைத்தே காக்க வேண்டும்.

பொடியை நிலைநிறுத்த ஒட்டுநீர் தெளிக்கலாமே எனின், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. கடற்கரையில் அலை நனைத்த மணல் கறுத்துத் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். ஈரம் துகள்களின் இடைவெளியை நிரப்பியதும் ஒளிச்சிதறல் குறைந்து நிறம் மங்குகிறது. பேஸ்டலுக்கும் இதுவே நேர்கிறது. உதிராமல் இருக்கச் செய்தால் எழில் குன்றுகிறது. எழிலைக் காத்தால் உதிர்கிறது.

இவ்விடரோடு வாழ்நாள் முழுதும் போராடியவர் மொரிஸ் கெந்தேன் தெ லா தூர். 1704இல் வட பிரான்சின் சேன் கெந்தேன் நகரில் பிறந்தவர். மதாம் தெ பொம்பதூரின் ஆளுயரப் படத்தைப் பல தாள்களை இணைத்துப் பேஸ்டலில் தீட்டி 1755இல் காட்சிக்கு வைத்தார். எண்ணெய் ஓவியத்திற்கே உரியது என்று கருதப்பட்ட பேரளவைச் சுண்ணப்பொடியில் எய்திய அருஞ்செயல் அது. எனினும் அவருக்கு நிறைவு என்பது வாய்க்கவில்லை. ஒட்டுநீர் தேடிப் பல சோதனைகள் செய்தார். கழகத்தில் சேர்ந்தபோது 1746இல் அளித்த ரெஸ்தூ என்னும் ஓவியரின் படத்தைப் பிற்காலத்தில் மீண்டும் எடுத்துத் திருத்தித் திருத்திக் கெடுத்துவிட்டார். முழுப்படத்திற்கு முன்னோடியாக, ஆளை எதிரில் அமர்த்தி முகத்தை மட்டும் விரைவாக அவர் வரைந்த படிகள் பல எஞ்சியுள்ளன. உடையும் பின்புலமும் இல்லாத அம்முகங்கள் அவர்தம் முடிந்த ஓவியங்களினும் உயிர்ப்புடையன என்றே நாம் கருதுகிறோம்.

ஜெனீவா நகரத்து லியொத்தார் இதற்கு மறுதலையானவர். 1738இல் உஸ்மானியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் சென்று நான்காண்டுகள் தங்கினார். லெவ்னி போன்ற ஓவியர்கள் சுல்தான்களின் உருவங்களைத் தீட்டிய மரபு அந்நகரில் முன்னரே இருந்தது. ஐரோப்பா திரும்பிய பின்னும் நீண்ட தாடியும் துருக்கிய உடையுமாகத் திரிந்தமையால் 'துருக்கிய ஓவியர்' என்றே அழைக்கப்பட்டார். தாளினும் வழவழப்பான பதனிட்ட தோலில் வரைந்து, கோலின் கீற்று ஒன்றும் தெரியாதபடி இழைத்தார். டிரெஸ்டன் நகரிலுள்ள 'சாக்லேட் ஏந்திய பெண்' இதற்குச் சான்று. ஓவியத்தில் கைத்தடம் தெரிதல் கூடாது என்று 1781இல் வெளியிட்ட தம் நூலிலும் வாதிட்டார். இயற்கையில் கீற்றுகள் இல்லை என்பது அவர் வாதம். ஷார்தேனின் கீற்றுகளைக் கண்ட பின்னர் நாம் அதனை முழுதும் ஒப்புதல் அரிது.

லா தூர் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியால் சேன் கெந்தேனில் கட்டணமில்லா ஓவியப் பள்ளி நிறுவப்பட்டது. 1784இல் சொந்த ஊர் திரும்பி, அறிவு தளர்ந்த நிலையில் 1788இல் மறைந்தார். அவரிடம் எஞ்சிய படங்களை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் விற்க முயன்றபோது விலை கேட்டோர் மிகக் குறைத்தே கேட்டனர். விற்பனை கைவிடப்பட்டது. அதனாலேயே அவை சிதறாமல் ஊரில் தங்கின. முதல் உலகப்போரின்போது, 1917இல், ஜெர்மானியப் படையினர் அவற்றை மொபேஜ் நகருக்கு எடுத்துச் சென்றனர். தட்டினால் உதிரும் அப்பொடிமுகங்கள் போருக்குப் பின் மீண்டு வந்து, சேன் கெந்தேன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னிருந்து வருவோரை நோக்குகின்றன.