கம்பியில் வரி எதுக்கு?



கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டியும் குழுக்கடன் வாங்கியும் நாம் வார்ப்பு வீடு கட்டுகிறோம். கம்பி வந்து இறங்கினால் எண்ணிப் பார்க்கிறோம், எடை கேட்கிறோம். கம்பி மேலே உள்ள வரிகளை யாரும் கவனிப்பதில்லை. அது அழகுக்குப் போட்டது இல்லை.

கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிந்துவிடும். அந்த இழுவையைத் தாங்கத்தான் உள்ளே கம்பி வைக்கிறோம். கம்பி நழுவினால் எத்தனை தடியாகப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

பாக்கு மரத்தில் கால் வழுக்கும், வெட்டுப் போட்ட தென்னையில் கால் நிற்கும் இல்லையா? அதே கதைதான். வழுவழுப்பான கம்பியில் சிமெண்டின் ஒட்டு விட்டுப்போனால் வெறும் உரசல்தான் மிச்சம். வரிக்கம்பியிலோ, வரிகளுக்கு நடுவே கான்கிரீட் புகுந்து இறுகிப் பல்லாகப் பிடிக்கிறது. 2000-ல் வந்த ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, வரிக்கம்பிக்கு 60 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் கணக்கில் எடுக்கிறது. பழைய வீட்டை இடிக்கும்போது வழுவழுப்புக் கம்பியின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதுவும் நழுவாமல் இருக்கத்தான். அமெரிக்காவில் எர்னஸ்ட் ரான்சம் என்பவர் 1884-லேயே சதுரக் கம்பியை முறுக்கிப் போட்டுக் காப்புரிமை வாங்கினார்.

சரி, நல்ல வரிக்கம்பி வாங்கியாச்சு. அதன் பிடிப்பைக் கெடுப்பது நம்ம வாசலிலேயே நடக்கும். நம்ம ஊர் மழையைச் சொல்லவே வேண்டாம். கம்பியைத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்கி மூடி வையுங்க. லேசான செந்துரு பிடிப்பைக் கெடுக்காது, பயப்பட வேண்டாம். பொருக்குப் பொருக்காக உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கணும். சேறும் எண்ணெயும் ஆகவே ஆகாது. சென்ட்ரிங் பலகைக்கு எண்ணெய் பூசுவதைக் கம்பி கட்டுவதற்கு முன்னாலேயே முடிக்கச் சொல்லுங்க.

அடுத்தது இணைப்பு. ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஓடணும். ஒரு கம்பியின் இழுவை கான்கிரீட் வழியாகத்தான் மற்றதற்குப் போகிறது. எம்20 கான்கிரீட்டில் 500 தரக் கம்பிக்கு அந்த நீளம் கம்பியின் தடிமனைப் போல 57 மடங்கு. 12 மி.மீ. கம்பி என்றால் சுமார் இரண்டேகால் அடி. காசு மிச்சம் என்று ஒரு அடியில் முடித்துவிடுகிற ஆட்களும் உண்டு.

வார்ப்புக்கு முந்தின நாள் ஒரு டேப்பை எடுத்துப் போய் அளந்து பாருங்க. கொத்தனார் அண்ணன் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, குறைவாக இருந்தால் அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்க.