முகப்பருவும் முறையான பராமரிப்பும்

சிப்பாங் மாவட்டத்தில் உள்ள டெங்கிலில், பிற்பகலில் புறப்பாட நடவடிக்கை தொடங்கும் வேளையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். திடலில் பயிற்சி செய்யும் மாணவர்கள் வழியும் வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வர். வீடு திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் நெற்றியிலும் கன்னத்திலும் புதிதாகச் சில பருக்கள் தெரியும். மறுநாள் வகுப்புக்கு முகக்கவசம் அணிந்து வருபவர் எல்லாரும் சளி பிடித்தவர் அல்லர்.

பருவுக்குக் காரணம் அழுக்கு என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. பருவ வயதில் ஆண், பெண் இருபாலாரின் உடலிலும் ஆண்ட்ரோஜன் எனும் ஹார்மோன் கூடுகிறது. அதனால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெயைச் சுரக்கின்றன. இந்த எண்ணெயும் உதிரும் தோல் செல்களும் சேர்ந்து மயிர்த்துளையை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட துளைக்குள் தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பாக்டீரியா பெருகும்போது, அந்த இடம் சிவந்து வீங்கிப் பருவாகிறது. மூக்கின் மேல் காணும் கரும்புள்ளிகளும் அழுக்கல்ல. துளையை அடைத்த பொருள் காற்றுப்பட்டுக் கறுத்ததே அது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

ஆகவே, அழுத்தித் தேய்ப்பதும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுக் கழுவுவதும் தோலைப் புண்ணாக்குமே தவிரப் பருவைக் குறைக்காது. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை மென்மையான முகக்கழுவியால் கழுவினால் போதும். விளையாடி வியர்த்த பிறகு இன்னொரு முறை கழுவலாம். கழுவியதும் துளைகளை அடைக்காத ஈரப்பதக் களிம்பை மெல்லியதாகப் பூச வேண்டும். எண்ணெய் வடியும் முகத்துக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். பருவுக்கான மருந்துகள் தோலை உலர்த்துபவை. ஈரப்பதம் இல்லாவிட்டால் எரிச்சல் தாங்காமல் மாணவர்கள் மருந்தையே கைவிட்டுவிடுவர். பகலில் வெளியே செல்லுமுன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பு தேவை.

மருந்தைப் பொறுத்தவரை, 2.5 விழுக்காட்டு பென்சாயில் பெராக்சைடு தொடக்கத்திற்கு ஏற்றது. மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். முதலில் ஓரிரவு விட்டு ஓரிரவு, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். அது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் தலையணைக்கு வெள்ளை உறை போடுவது நல்லது. அம்மாவின் திட்டிலிருந்து தப்பிக்கலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இங்குதான் பெரும்பாலோர் தோற்றுப்போகின்றனர். இரண்டு வாரத்தில் முகம் மாறவில்லை என்றதும் வேறொன்றைத் தேடத் தொடங்குகின்றனர்.

அந்த அவசரத்தை நம்பித்தான் ஒரு வணிகமே நடக்கிறது. ஏழே நாளில் பளபளப்பு என்று சமூக ஊடகங்களில் விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு போன்றவை கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டுபிடித்து அறிவித்துள்ளது. பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். ஸ்டீராய்டு முதலில் சிவப்பை அடக்கும். நிறுத்தியதும் பருக்கள் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டப்படி விற்கும் அழகுசாதனப் பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் அறிவிப்பு எண் உண்டு. அதனை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எனினும், எண் பெற்ற சில பொருள்களிலும் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டு அவற்றின் அறிவிப்பு இரத்தாகியுள்ளது. எண் இல்லாததை வாங்கக்கூடாது. எண் இருப்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். பற்பசை எரிச்சலூட்டும். தலைக்குத் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்களுக்கு அது நெற்றியில் வழிந்து துளைகளை அடைப்பதுண்டு. குளிப்பதற்கு முன் தேய்த்து அலசிவிடுவது மேல். வடையில் உள்ள எண்ணெய் முகத்தில் வந்து வடிவதில்லை. மாறாக, சர்க்கரை மிகுந்த பானங்கள் சிலருக்குப் பருவைக் கூட்டலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிராப்பும் தே தாரேவும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

எல்லாவற்றிலும் கடினமானது கையை அடக்குவதுதான். கிள்ளிய பரு ஆழமாகப் புண்படும். நம்மவரின் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அது பல மாதங்களுக்குக் கருந்தழும்பாக நிற்கும். பரு ஆறி மறைந்த பிறகும் முகத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தத் தழும்பே.

வலியுள்ள பெரிய கட்டிகள், குழி விழும் தழும்புகள், மூன்று மாதமாகியும் குறையாத பருக்கள், முகத்தைக் காட்டத் தயங்கிப் பள்ளிக்கு மட்டம் போடும் அளவுக்கு மனச்சோர்வு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் பெற்றோருடன் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அங்கு மருத்துவர் பரிசோதித்து மருந்து கொடுப்பார். தேவைப்பட்டால் தோல் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதமும் எழுதித் தருவார். செல்லும்போது இதுவரை முகத்தில் பூசிய களிம்புகள் அனைத்தையும், இணையத்தில் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.