அறிவைக் குறிக்கும் சொற்கள்

எம்மூராகிய மங்கலம்பேட்டைக்கு அணித்தேயுள்ள விருத்தாசலத்தைத் தேவாரம் முதுகுன்றம் என வழங்கும். விருத்தம் முதுமையையும், அசலம் குன்றையும் உணர்த்தலின் இரு பெயரும் ஒரு பொருளனவே. விருத்தம் என்னும் ஒலியை மட்டும் கேட்டு அதனைப் பாவினமெனக் கொள்பவன் பொருளை இழப்பான். அறிவைக் குறிக்கும் சொற்களிலும் இத்தகைய இடறல் உண்டு.

முதலாண்டு மாணவனாயிருந்தபோது முதுக்குறைவு என்னும் சொல்லுக்கு, ‘முதியோரிடத்துள்ள குறை’ என்று துணிந்து பொருள் எழுதினேன். ஆசிரியர் சினந்தாரிலர், சிலப்பதிகாரத்தை விரித்துக் காட்டினர். ஆங்குக் கோவலன், தன்னால் துன்புற்ற கண்ணகியை எண்ணி வருந்துங்கால், அவளைச் சிறுமுதுக்குறைவி என்கின்றான். இளமையிலேயே பேரறிவு வாய்ந்தவள் என்பதே அதன் கருத்து. குறையென நான் கருதிய சொல் நிறைவைக் குறித்தது கண்டு நாணினேன்.

கிரேக்கரும் இவ்வாறு சொன்மூலம் தேடினர். பிளேட்டோ இயற்றிய ‘கிராட்டிலஸ்’ என்னும் உரையாடலில், சாக்ரடீஸ் ஞானத்தைக் குறிக்கும் சோபியா என்பதை ‘இயக்கத்தைத் தொடுதல்’ என்றும், விவேகத்தைக் குறிக்கும் பிரோநேசிஸ் என்பதை ‘இயக்கத்தையும் ஓட்டத்தையும் உணர்தல்’ என்றும் பிரித்துக் காட்டுகின்றார். பெயரிட்ட முன்னோர், உலகப் பொருள்கள் யாவும் ஓயாது ஓடுவன எனக் கருதினர் என்பது அவர் கூறும் காரணம். கேட்க இனிதாயினும் இஃது ஒலியொப்புமையே. பிரோநேசிஸ் உள்ளத்தைக் குறிக்கும் பிரேன் என்னும் சொல்லின் வழிப்பட்டதென்பது மொழிநூலார் முடிபு. சாக்ரடீஸும் இறுதியில், பெயர்களைக் கொண்டன்றிப் பொருள்களைக் கொண்டே உண்மையைக் கற்றல் வேண்டும் என்கின்றார்.

அங்ஙனமாயின் சொல்லாராய்ச்சி வீணோ? அன்று. வடமொழி ஞானமும் கிரேக்க ‘நோசிஸ்’ என்பதும் ஒருகுடிப் பிறந்தவை. அவ்வுறவைக் காட்டுவது பல சொற்களில் ஒரு நெறிப்பட நிகழும் ஒலிமாற்றம். நம் அறிவோ, அறி என்னும் பகுதியினின்று தோன்றி, மலையாளத்திலும் கன்னடத்திலும் உடன்பிறப்புக்களை உடையது. ஞானமும் அறிவும் பொருளால் நெருங்கினும் குடியால் வேறானவை.

சொற்பொருளின் காரணம் நோக்கியவுடன் விளங்கித் தோன்றாது எனத் தொல்காப்பியர் உரியியலில் உணர்த்தினர். ஆதலின் நண்பர்காள், ஒரு சொல்லின் மூலம் இதுவெனத் துணியுமுன், ஆன்றோர் ஆட்சியையும் இனமொழிகளையும் வினவுவோம். பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கோடலும் அறிவின் ஒரு கூறன்றோ!