கதவு மூடினால் கதை பிறக்கலாமா?

2018 செப்டம்பர் 6 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள சன்ஸ்பாட் சூரிய ஆய்வுக்கூடம் திடீரென மூடப்பட்டது. விளக்கமான காரணம் கூறப்படவில்லை. வேற்றுக்கோள் வாசிகளைக் கண்டுவிட்டனர் என்றனர் சிலர். சூரியனில் நிகழ்ந்த பெருவெடிப்பை மறைக்கிறார்கள் என்றனர் வேறு சிலர்.

இரண்டாவது கூற்றைச் சோதிக்க இயலுமா? இயலும். சூரியனை நோக்குவது அக்கூடம் மட்டுமன்று. சோஹோ, எஸ்.டி.ஓ. ஆகிய விண்கலங்கள் எடுத்த படங்கள் அந்நாட்களிலும் எல்லோருக்கும் கிடைத்தன. அவற்றில் பெருவெடிப்பு எதுவும் இல்லை!

11 நாட்களுக்குப் பின் கூடம் திறக்கப்பட்டது. ஊழியர் ஒருவரைப் பற்றிய குற்றப் புலனாய்வே மூடலுக்குக் காரணம் என நீதிமன்ற ஆவணங்கள் காட்டின.

காரணம் தெரியாமை எந்த ஊகத்திற்கும் சான்றாகாது. ஊகம் உண்மையெனில் வேறு எங்கே அதன் தடயம் தென்பட வேண்டும் என்று கேளுங்கள். அங்கே சென்று பாருங்கள். அதுவே அறிவியல் முறை.