நம் நூற்பட்டியலும் செயற்கை நுண்ணறிவும்



திருப்பதியிலும் சித்தூரிலும் நம்மவர் வீடுகளில் எந்த அலமாரியில் என்ன தமிழ்ப் புத்தகம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் என் பேரன், "பொன்னியின் செல்வன் இங்கே எங்கே கிடைக்கும்?" என்று கணிப்பொறியில் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்டான். அது கொஞ்சமும் தயங்காமல் ஒரு நூலகத்தின் பெயரைச் சொல்லிற்று. விசாரித்தால், அப்படியொரு நூலகமே இல்லை! கற்றதை வைத்துத்தான் அது பேசும். நம் பட்டியலை அது கண்டதில்லையே.

இதற்கு வழி உண்டா? உண்டு. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. பின்னர் ஓப்பன்ஏஐ, கூகுள் போன்ற நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. உதவியாளரை வெளியிலுள்ள கோப்புகளோடும் கருவிகளோடும் இணைப்பதே அதன் வேலை.

ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சமையற்கட்டுக்குள் போவதில்லை. பரிமாறுபவர் வந்து, "இட்லி, வடை, பொங்கல்" என்று ஒப்பிக்கிறார். நாம் கேட்டதைக் கொண்டுவருகிறார். அந்தப் பரிமாறுபவர்தான் 'சர்வர்'. உதவியாளர் முதலில், "உன்னிடம் என்னென்ன கருவிகள் உண்டு?" என்று கேட்கும். பிறகு வேண்டியதை அழைக்கும்.

நான் செய்த முறை இது:

1. பட்டியலை யூனிகோடு எழுத்தில் ஒரு கோப்பாகச் சேமித்தேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதிகளை முதலில் மாற்ற வேண்டியிருந்தது.

2. பைத்தான் மொழியில் எம்.சி.பி. தொகுப்பை நிறுவி, நூலின் பெயரைக் கொடுத்தால் பட்டியலில் தேடும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். அதைக் 'கருவி' என்று அறிவிக்க மேலே ஒரு வரி போதும். கருவியின் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. அது எதற்குப் பயன்படும் என்ற விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். அதைப் படித்துத்தான் உதவியாளர் கருவியை எப்போது அழைப்பது என்று முடிவுசெய்யும்.

3. உதவியாளர் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், நிரல் இருக்கும் இடத்தை முழு முகவரியுடன் எழுதி, மென்பொருளை மூடித் திறந்தேன்.

ஓர் எச்சரிக்கை: இவ்வகை இணைப்பில் சர்வர் வழக்கமான வெளியீட்டின் வழியாகவே உதவியாளரோடு பேசுகிறது. சோதனைக்காக 'பிரிண்ட்' கட்டளை போட்டால் இரண்டும் கலந்து இணைப்பு கெடும். குறிப்புகளைப் பிழை வெளியீட்டுக்கு அனுப்புங்கள்.

எல்லாம் சரி. பேரன் மறுபடி கேட்டான். "பட்டியலில் இல்லை" என்று பதில் வந்தது. எனக்குத் திகைப்பு. சித்தூரில் ஒரு பாட்டி வீட்டில் ஐந்து பாகங்களும் இருப்பதை நானே எழுதியிருக்கிறேனே!

காரணம் 'பொ' என்ற எழுத்து. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணிப்பொறிக்கு வேறு வேறு. தேடும் சொல்லையும் பட்டியலையும் 'என்.எஃப்.சி.' என்ற ஒரே வடிவுக்கு மாற்றியதும் விடை கிடைத்தது. தமிழில் சர்வர் அமைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. தவறான 'இல்லை'யும் பொய்தான்.

இன்னொன்று. கருவி தரும் விடை பெரும்பாலும் உதவியாளரை நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறிக்குப் போகும். ஆகவே உறுப்பினர்களின் தொலைபேசி எண், முகவரி எதையும் நான் கோப்பில் வைக்கவில்லை. பெயருக்குப் பதில் ஓர் எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது என் நோட்டில் இருக்கிறது. படிக்க மட்டுமே அனுமதி. திருத்தவோ அழிக்கவோ கருவி தரவில்லை.

பேரன் பாகாலா வழியே ரயிலில் சித்தூர் போனான். பாட்டி சென்னைக்குக் குடிபெயர மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "படிக்க யாருமில்லையே என்று பழைய பேப்பர்காரனுக்குப் போட இருந்தேனப்பா" என்றாராம். ஐந்து பாகங்களும் இப்போது எங்கள் வீட்டில். பேரன் எழுத்துக்கூட்டி முதல் பாகத்தில் இருக்கிறான்.

உங்கள் அலமாரியில் உள்ளவற்றையும் எழுதி அனுப்புங்கள். பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.